தைராய்டு மாத்திரையும் நோயெதிர்ப்பு செல்களும்: எதை, எப்போது பரிசோதிப்பது?

கிரேவ்ஸ் நோய் என்பது உடலின் நோயெதிர்ப்பே தைராய்டு சுரப்பியை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் நோய். அதில் சுரப்பியை முடுக்கிவிடுவது பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் உருவாக்கும் எதிர்ப்பான். அது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) ஏற்பியில் ஒட்டிக்கொண்டு ஹார்மோனை ஓயாமல் சுரக்க வைக்கிறது. கார்பிமசோல், மெத்திமசோல் மாத்திரைகள் பெராக்சிடேஸ் நொதியைத் தடுத்துப் புது ஹார்மோன் உருவாகாமல் செய்கின்றன. சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது தீரச் சில வாரங்கள் ஆகும்.

நோயெதிர்ப்பு மண்டலம் அடங்க மாதக்கணக்காகும். தூண்டப்பட்ட டி செல்கள் (இன்னொரு வகை நோயெதிர்ப்பு வெள்ளணு) குறைகின்றன, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மீள்கின்றன, எதிர்ப்பானும் பலருக்கு இறங்குகிறது. மருந்து நேரே செல்களைத் தொடுகிறதா, ஹார்மோன் சீரானதன் பலனா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எதுவானாலும் 2 மாதத்தில் படபடப்பு நின்றதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தொடங்கும் முன்பே வெள்ளணு வகைப் பிரிப்புடன் ரத்த எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை, டிஎஸ்எச் ஏற்பி எதிர்ப்பான் மூன்றையும் எடுத்துவிடுங்கள். கிரேவ்ஸ் நோயே, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபிலைச் சற்றுக் குறைப்பதுண்டு. ஆரம்ப அளவு கையில் இல்லாவிட்டால் பின்னால் பழி மாத்திரை மேல் விழும்.

பிறகு 2 முதல் 6 வாரத்தில் தைராய்டு ஹார்மோன்களான டி4, டி3 பாருங்கள். டிஎஸ்எச் மாதக்கணக்கில் எழாமல் கிடக்கும். அதை மட்டும் பார்த்து அளவைக் கூட்டினால் ஹார்மோன் அடிமட்டத்துக்குப் போய்விடும். மருந்தை மாற்றும்போது 10 மி.கி. கார்பிமசோல் ஏறத்தாழ 6 மி.கி. மெத்திமசோலுக்குச் சமம். பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை சில ஆய்வகங்களில் டிஎஸ்எச்சைத் தாழ்த்தியும் டி4, எதிர்ப்பான் இரண்டையும் உயர்த்தியும் காட்டும். பரிசோதனைக்கு 2 நாளாவது முன்பே அதை நிறுத்துங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது நியூட்ரோபில் திடீரெனச் சரிவதற்குத்தான். 1000 பேரில் சிலருக்கே வரும், பெரும்பாலும் முதல் 3 மாதத்தில். ஆரம்பத்தில் எடுத்த நல்ல ரிப்போர்ட் இதற்குக் காப்பல்ல. காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே ரத்த எண்ணிக்கை பாருங்கள். நியூட்ரோபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே என்றால் மருத்துவமனை. அதன்பின் புரோபில்தையோயூரசில் என்ற இன்னொரு தைராய்டு மாத்திரைக்கு மாறுவதும் ஆபத்து. ஒன்று செய்ததை மற்றதும் செய்யக்கூடும்.

12 முதல் 18 மாதத்தில் எதிர்ப்பானை மீண்டும் அளவிடுங்கள். இயல்பாக இருந்தால் மருத்துவர் நிறுத்திப் பார்க்கலாம். உயர்ந்தே இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம், குறைந்த அளவில் தொடர்வதா, கதிர் அயோடினா, அறுவையா என்று அப்போது பேச வேண்டும். நிறுத்தியவர்கள் முதல் ஓராண்டு வரை 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் பார்த்துக்கொள்ள வேண்டும்.