ருபோண்டோ தீவுக்குப் போகுமுன்

விக்டோரியா ஏரியின் தென்மேற்கில் உள்ள ருபோண்டோ தீவைத் தான்சானியா 1977-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இங்கே சிங்கம் கிடையாது. சிங்கம்தான் வேண்டுமென்றால் செரெங்கெட்டியோடு திரும்பிவிடலாம். ருபோண்டோவில் காடும் சிம்பன்சியும்தான் விசேஷம்.

ஏரிக்கரை நகரமான முவான்ஸாவிலிருந்து சிறு விமானம் உண்டு. பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கும் துணிப்பையில். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கெய்ட்டா வழியாகச் சாலையில் போய், சாட்டோ மாவட்டத்தின் கசெண்டா துறையில் படகு ஏறலாம். படகைப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். துறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் கரையிலேயே காத்துக்கிடக்க நேரும். ஏரியில் காற்று எழுந்தால் படகை எடுக்கமாட்டார்கள். அதனால் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் சும்மா விட்டுவையுங்கள். பூங்கா விடுதியில் தங்குவதானால் அரிசி, பருப்பு, காய்கறியை முவான்ஸாவிலேயே வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

பலர் கோட்டைவிடுவது உடையில். இரத்தம் குடிக்கும் ஆப்பிரிக்க ஈயான செட்சி ஈ நீலத்தையும் கறுப்பையும் தேடி வரும். மெல்லிய துணியின் மேலேயே கடிக்கும். கொசு விரட்டிக் களிம்பை அது அவ்வளவாகச் சட்டை செய்யாது. காக்கி அல்லது மங்கிய பச்சையில் தடித்த முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை போதும். ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மலேரியா மாத்திரை தனி விஷயம், மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

சிம்பன்சிக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். 1966 முதல் 1969 வரை ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளிலிருந்து கொண்டுவந்து விட்ட 17 சிம்பன்சிகளின் வாரிசுகள் இவை. கூண்டில் வாழ்ந்தவை காட்டில் பிழைத்ததே பெரிய விஷயம்! அடர்ந்த காட்டில் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் முதல் நாள் வெறும் கூடும் கூச்சலும் மட்டுமே கிடைக்கலாம். சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள். நம் சளி அவற்றைக் கொல்லக்கூடும். முகக்கவசம் கட்டாயம் வைத்திருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, நடக்க எளிது. சிட்டாடுங்கா மானைப் பார்க்க அதிகாலையில் நாணல் ஓரமாகப் படகில் போகவேண்டும்.

ஏரியில் இறங்காதீர்கள்: முதலை, நீர்யானை, போதாததற்கு நத்தையிலிருந்து தண்ணீருக்கு வந்து தோல்வழியே உடலுக்குள் புகும் நத்தைக் காய்ச்சல் கிருமி. இருட்டியபின் நீர்யானை கரையேறி மேயும், விடுதிக்கு வெளியே தனியாக நடக்கவேண்டாம். செட்சி ஈ தூக்க நோயைப் பரப்பக்கூடியது. அதனால் ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், ஈ கடித்ததையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.