கிணற்றுத் தண்ணி வேண்டாம்: இசைத்தட்டுகளை வீட்டிலேயே அல்ட்ராசொனிக் மெசினில் கழுவுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் கேத்திலைத் திறந்து பார்த்தாலும் அடியில் வெள்ளைக் கல் படிந்திருக்கும். எங்கள் கிணறுகளுக்குச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் தண்ணீர் ஊறி வருகிறது. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு கேத்திலில் தங்கிவிடுகிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த விடயம்தான். ஆனால் மாமாவின் இசைத்தட்டுகளைக் கழுவத் தொடங்கிய அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மாமா ஒரு காலத்தில் லவுட் ஸ்பீக்கர் சேர்விஸ் வைத்திருந்தவர். கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு என்று எல்லாவற்றுக்கும் அவருடைய தட்டுகள் போயிருக்கின்றன. 1995 இடப்பெயர்வில் எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் போனபோது றங்குப் பெட்டி வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது ஓடுகள் போயிருந்தன, பெட்டி இருந்தது. உள்ளே செம்மண் தூசியும் பூஞ்சணமும்.

முதல் தட்டை மெசினில் வடிவாகக் கழுவினேன். பிறகு கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஒரு வாளித் தண்ணியில் அலசி நிழலில் வைத்தேன். காய்ந்ததும் தட்டு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஊசியை வைத்தால் கச்சான் வறுக்கிற சத்தம். மெசினில் ஒரு பிழையும் இல்லை, தண்ணிதான் பிழை. ஆகவே இந்த விளக்கத்தில் மெசினைவிடத் தண்ணியைப் பற்றித்தான் கூடக் கதைக்கப் போகிறேன்.

மெசின் என்ன செய்கிறது?

அல்ட்ராசொனிக் என்றால், பள்ளிக்கூடத்தில் கழியொலி என்று படித்தோமே, அதுதான். தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வில்லைகள் செக்கனுக்கு 40,000 தடவை அதிர்கின்றன, அதாவது 40 கிலோஹேர்ட்ஸ். மனிதக் காதுக்கு 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கேட்காது. அந்த அதிர்வில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் உண்டாகி உடனே நொறுங்குகின்றன. ஒவ்வொன்றும் நொறுங்கும்போது பக்கத்தில் இருக்கிற அழுக்கைத் தட்டி விடுகிறது. இசைத்தட்டில் ஊசி ஓடும் தவாளிப்பு தலைமயிரின் தடிப்பு அளவுதான் அகலம். அதன் அடிக்கு எந்தத் தூரிகையின் நாரும் ஒழுங்காகப் போய்ச் சேராது, குமிழ் போகும்.

ஆனால் கீறலை அது மாற்றாது. தேய்ந்த ஊசியால் உழுது போட்ட தட்டும் திருந்தாது. அழுக்கால் வரும் இரைச்சல் மட்டும்தான் போகும்.

முதலில் தட்டுகளைப் பிரியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய தட்டுகள் வினைல் என்ற பிளாஸ்ரிக் இல்லை, பெரும்பாலும் அரக்கில் செய்தவை. தடிப்பாக, பாரமாக இருக்கும், விழுந்தால் ஓடு மாதிரி உடையும். வினைல் வளையும், உடையாது. அரக்குத் தட்டை இந்த மெசினில் போடக்கூடாது. அதற்குள் கல்லுத்தூள் போன்ற நிரப்பிகள் கலந்திருக்கும், ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் தண்ணி உள்ளே இறங்கும். மதுசாரம் பட்டால் அரக்கே கரைந்துவிடும். இந்தியாவில் 78 தட்டுகள் 1960கள் வரைக்கும் வந்துகொண்டிருந்தபடியால், எங்கள் ஊர்ப் பெட்டிகளில் இரண்டும் கலந்துதான் கிடக்கும். 33⅓, 45 என்று லேபலில் போட்டிருப்பவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். சந்தேகமாக இருப்பதை விட்டுவிடுங்கள்.

எந்த மெசின்?

நகைக்கடையிலும் கண்ணாடிக் கடையிலும் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் இசைத்தட்டு போகாது. 6 லீற்றர் தொட்டி வேண்டும், உள்நீளம் 30 சென்ரிமீற்றர், ஆழம் 15. தட்டின் விட்டமும் ஏறக்குறைய 30 தானே, எப்படிக் கொள்ளும் என்று நானும் யோசித்தேன். லேபலுக்குக் கீழே இருக்கும் 10 சென்ரிமீற்றர்தான் தண்ணிக்குள் நிற்கப்போகிறது. அந்த மட்டத்தில் தட்டின் அகலம் 28½ சென்ரிமீற்றர் அளவுதான் வரும், ஆகவே கொள்ளும்.

தட்டுகளைக் கோர்த்துச் சுற்றும் கம்பியும் சின்ன மோட்டரும் தனியாக விற்கிறார்கள். மெதுவாகச் சுற்றுவதாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடித்தால் நல்லது. வேகமாகச் சுற்றினால் குமிழ் வேலை செய்ய நேரம் கிடைக்காது. ஏர்த் வயர் சரியாக இருக்கிற பிளக்கிலேயே மெசினைப் போடுங்கள். தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற சாமான் இது.

தண்ணி

காய்ச்சி வடித்த நீர்தான். பற்றறிக் கடையில் பற்றறித் தண்ணி என்று கேட்டால் தருவார்கள். அதே கடையில் பற்றறி அசிட்டும் இருக்கும், போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள். கழுவ 6 லீற்றர், அலச 6 லீற்றர் என்று குறைந்தது 12 லீற்றர் வேண்டும்.

வாங்கியது நல்ல தண்ணியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் அதில் ஒரு துளி விடுங்கள், பக்கத்தில் கிணற்றுத் தண்ணி ஒரு துளி. இரண்டையும் காய விடுங்கள். கிணற்றுத் துளி வெள்ளை வளையம் விட்டுப் போகும். மற்றது ஒன்றும் விடக்கூடாது, விட்டால் அந்தப் போத்தல் வேண்டாம். தவாளிப்புக்குள் காய்ந்து ஊசியில் அடிபடுவது இந்த வளையம்தான். வடிகட்டிய குடிதண்ணியும், கொதித்தாறிய தண்ணியும் இதற்குச் சரிவராது. உப்பு முழுக்கப் போகாது.

வெறும் தண்ணி வினைலில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். அதைப் பரவ வைக்க, பிலிம் கழுவிய காலத்தில் ஸ்ரூடியோக்களில் கடைசித் தண்ணியில் விடுவார்களே, அந்த வெற்றிங் ஏஜென்ட் கொஞ்சம் சேர்க்க வேண்டும். நான் 6 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக விடுகிறேன். கூட விட்டால் நுரைக்கும், பிறகு அலசிப் போக்குவது பெரும்பாடு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அதன் வாசமும் நிறமும் தட்டில் தங்கும். சிலர் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் சேர்க்கிறார்கள். சூடேறும் தொட்டியில் எளிதாகத் தீப்பிடிக்கிற சாமானை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

கழுவும் முறை

மண் ஒட்டின தட்டை நேரே தொட்டிக்குள் விடாதீர்கள், ஒரே தட்டில் முழுத் தண்ணியும் கலங்கிவிடும். மென்மையான தூரிகையால் தவாளிப்பு ஓடும் போக்கிலேயே தூசியைத் தட்டுங்கள். பூஞ்சணம் இருந்தால் வாய்க்கவசம் போட்டு, வெளித் திண்ணையில் வைத்து, அதே பற்றறித் தண்ணி நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். மாரி காலத்தில் பெட்டிக்குள் கிடந்தவற்றுக்கு இந்த வேலை கட்டாயம் இருக்கும்.

தொட்டியை நிரப்பிய பிறகுதான் சுவிச் போட வேண்டும். வெறும் தொட்டி ஓடினால் வில்லைகள் பழுதாகும். தட்டுப் போடாமல் ஐந்து, பத்து நிமிடம் ஓட விடுங்கள். தண்ணியில் கரைந்திருக்கும் காற்று வெளியேறினால்தான் குமிழ் பலமாக வேலை செய்யும். மெசினில் சந்தேகமென்றால், சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டை ஒரு நிமிடம் உள்ளே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் விழுந்தால் மெசின் உயிரோடு இருக்கிறது. தாளை விளிம்பில் பிடியுங்கள், ஓடும்போது விரலைத் தண்ணிக்குள் விடக்கூடாது.

ஹீற்றரை நிறுத்தி வையுங்கள். குளிர் நாட்டுக்காரர் 30, 35 பாகைக்குச் சூடாக்கச் சொல்வார்கள். எங்கள் ஊரில் தண்ணி சும்மா இருந்தாலே அதற்குக் கிட்ட நிற்கும், ஓட ஓட அதிர்வே இன்னும் சூடாக்கும். 40 பாகையைத் தாண்டினால் மெசினை நிறுத்தி ஆற விடுங்கள். சூடு கூடினால் வினைல் நெளியும், நெளிந்தது நிமிராது.

கம்பியில் இரண்டு மூன்று தட்டுக்கு மேல் கோர்க்க வேண்டாம். தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் ஓர் அங்குலம், அதாவது 2½ சென்ரிமீற்றர், விடுங்கள். நெருக்கினால் நடுவில் இருக்கும் பக்கங்களுக்குக் குமிழ் போதாது. தண்ணி மட்டம் லேபலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். பழைய லேபல்களில் மை கரையும், நான் மாமாவின் ஒரு தட்டில் அப்படி ஒரு ஓரத்தை இழந்திருக்கிறேன். பத்து நிமிடம் போதும். மெசின் கீச்சென்று கத்தும், பக்கத்து அறைக்குப் போய் இருங்கள்.

பிறகு அலசல். நான் பிழைவிட்ட இடம் இது. சுத்தமான இன்னொரு 6 லீற்றர் பற்றறித் தண்ணியில், ஒரு சுத்தமான பேசினுக்குள், கம்பியோடு சேர்த்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி எடுங்கள். கிணறு, குழாய் எதுவும் கிட்ட வரக்கூடாது.

தட்டுகளைக் கோப்பை வைக்கும் றாக்கில் நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள். வெயில் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் தட்டு அரை மணித்தியாலத்தில் அப்பளமாகும். ஃபானும் வேண்டாம், அது முற்றத்துத் தூசியைக் கொண்டுவந்து ஈரத்தில் ஒட்டும். அவசரமென்றால் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், பழைய துவாய் நூல் விடும்.

காய்ந்த தட்டைப் பழைய கடதாசி உறைக்குள் திரும்பப் போட்டால் செய்த வேலை வீண். புதிய பொலித்தீன் உள்ளுறை வாங்குங்கள். முதல் தடவை போடும்போது, இளகி நின்ற மிச்ச அழுக்கு ஊசியில் சேர்ந்து வரும். ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியைத் துடைத்துவிட்டு மறுபக்கம் போடுங்கள்.

ஒரு தொட்டித் தண்ணியில் இருபது தட்டுகள் வரை கழுவுகிறேன், கலங்கினால் அதற்கு முன்பே மாற்றிவிடுவேன். அடுத்த நாளைக்கு வைப்பதில்லை. அன்று வேலை முடித்துத் தொட்டியைக் கவிழ்க்கப் போனபோது அம்மா குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டா: “தம்பி, அந்தத் தண்ணியை வாழைக்கு ஊத்திப் போடாத, வேலியோரம் ஊத்து.” வேலியோரம்தான் ஊற்றினேன். செம்மண் நிறத்தில் ஓடியது.