யாழ்ப்பாண வெயிலில் கோதிக் உடை: ரேந்தை, பின்னல், கறுப்பைப் பேணும் முறை

கறுப்பை அடிப்படையாகக் கொண்ட கோதிக் உடைப் பாணி என்றதும் முழங்கால் வரை ஏறும் சப்பாத்தும் தரையைத் தொடும் தடித்த மேலங்கியும் நினைவுக்கு வருவதால், எங்களூர்ப் பங்குனி வெயிலில் அது சரிவராது என்று பலர் தொடங்கும் முன்பே கைவிட்டுவிடுகிறார்கள். அலுவலகம், சந்தை, பேருந்து என்று அன்றாடம் போய்வரும் இடங்களுக்கு இந்தப் பாணியில் உடுத்த அவை இரண்டும் தேவையில்லை. கறுப்பின் அளவைக் குறைத்து, துணியின் தன்மையில் கவனம் வைத்தால் போதும்: சட்டைக் கையில் ரேந்தை (லேஸ்), தோளில் கண்விட்ட பின்னல், கழுத்தில் ஒரு பொருள். இவற்றைத் தேடி எடுப்பது கடினமல்ல. ஆறு மாதம் கழித்தும் கறுப்பாக வைத்திருப்பதுதான் கடினம், ஏனெனில் எங்கள் கிணற்றுநீர் கறுப்புத் துணிக்கு ஆகாது. ஆகையால் இந்தக் குறிப்பில் வாங்குவதைப் பற்றிச் சொல்வதைவிடத் தோய்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லப்போகிறேன்.

பாணி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால், எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பது எளிதாகும். 1861இல் கணவர் அல்பேட் இறந்த பின் விக்டோரியா மகாராணி 1901இல் தாம் இறக்கும் வரை துக்கக் கறுப்பே உடுத்தினார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மினுக்கமற்ற கிரேப் துணியும், விற்பி என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்த ஜெற் நகையும் துக்க உடையின் அடையாளங்களாயின. ஜெற் என்பது பார்வைக்குக் கல்லாகத் தோன்றினாலும், மண்ணில் புதைந்து உருமாறிய பழைய மரமே. 1970களின் இறுதியில் பங்க் இசையை ஒட்டி எழுந்த இசைக்குழுக்களைச் சுற்றியும், 1982இல் லண்டனின் சோகோ பகுதியில் தொடங்கிய பற்கேவ் என்ற விடுதியைச் சுற்றியும் கூடிய இளைஞர்கள், அந்தப் பழைய கறுப்பை வலைத்துணியோடும் வெள்ளி நகையோடும் சேர்த்துத் தங்கள் உடையாக்கிக்கொண்டார்கள்.

எங்களிடம் துக்கத்தின் நிறம் வெள்ளை. கறுப்பு நல்ல காரியத்துக்கு ஆகாத நிறம் என்றாலும், பிள்ளையின் கன்னத்தில் நாவூறுக்கு வைக்கும் பொட்டும் அதே நிறந்தான். அம்மாவிடம் இந்த நியாயத்தை எடுத்துச் சொல்லியும், "நல்ல நாளும் பெருநாளுமாய் என்னத்துக்கடி உந்தக் கறுப்பு?" என்ற கேள்வி நிற்கவில்லை. எனவே கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் நான் கறுப்பைத் தொடுவதில்லை. ஆழ்ந்த கத்தரிப்பூ நிறம், கருஞ்சிவப்பு, போத்தல் பச்சை ஆகிய மூன்றும் அதே சாயலைத் தரும், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

வெயிலைப் பற்றிய பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. பாலைவனத்துப் பெதுவின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளிவந்த கட்டுரை, தளர்வான அங்கிக்குள் காற்று ஓடும்போது கறுப்பு அதிகமாக வாங்கும் வெப்பம் தோலை அடையுமுன்பே வெளியேறிவிடுகிறது என்று காட்டியது. அது வறண்ட நிலம். எங்களுடையது வியர்வை காயாத கடற்கரைக் காற்று. ஆனாலும் துணி உடம்போடு ஒட்டாமல் நிற்க வேண்டும் என்ற பாடம் இங்கும் செல்லும். மேலே தளர்வான பருத்தி, உள்ளே அளவான உள்ளாடை என்பதே முறை. இதை மாற்றி, மேலே இறுக்கமான பொலியெஸ்ரர் போட்டால் பத்து மணிக்கே முதுகு நனைந்துவிடும்.

உள்ளாடையிலிருந்து தொடங்குவது நல்லது. வெளியே தெரியாது, எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, ரேந்தையின் அழகை முதலில் உங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவு தவறினால் எந்த ரேந்தையும் உதவாது. மார்புக்குக் கீழே நாடாவை இறுக்கமாகச் சுற்றி ஓர் அளவும், மார்பின் நிறைந்த இடத்தில் தளர்வாகச் சுற்றி இன்னோர் அளவும் எடுங்கள். கீழளவு 32 அங்குலமும் மேலளவு 35 அங்குலமும் என்றால் வித்தியாசம் 3. அது பொதுவாக 32 சி என்ற பிறா அளவுக்குப் பொருந்தும்; 32 பட்டையின் அளவு, சி கிண்ணத்தின் அளவு. கீழளவோடு நான்கைந்து அங்குலம் கூட்டும் பழைய முறை இன்னும் சில கடைகளில் உண்டு. அப்படி எடுத்த பிறாவின் பட்டை முதுகில் மேலேறிவிடும், பாரம் முழுவதும் தோளுக்குப் போகும். புதியதை எப்போதும் கடைசிக் கொளுக்கியில், அதாவது மிகத் தளர்வான கொளுக்கியில், பூட்டிப் பார்த்து வாங்க வேண்டும். எலாஸ்ரிக் இளகும்போது உள்ளே போக இடம் இருக்கும்.

ரேந்தையைக் கையால் தடவிப் பார்த்து நம்பிவிடாதீர்கள், கைத்தோல் தடித்தது. கடையில் நின்றபடியே முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பத்துத் தடவை உரசுங்கள். அங்கே சிவந்தால் மார்பில் நிச்சயம் கடிக்கும். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் வைத்ததாக இருந்தால் நைலோன் ரேந்தைகூடத் தாங்கும். ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது; தென்னிலங்கையில் காலிப் பக்கத்துப் பெண்கள் தலையணையில் ஊசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் பீரளு ரேந்தையும் போர்த்துக்கேயர் வழி வந்ததே. அது பெரும்பாலும் வெள்ளை நூலில் வரும். பருத்தி நூலாக இருந்தால் வாங்கிச் சாயம் போடலாம், அந்தக் கறுப்புக்கு ஆலை ரேந்தை கிட்டவும் வராது.

கடையில் விருப்பமானது அகப்படாவிட்டால், இருக்கும் கறுப்புச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் வெட்டி ரேந்தைக் கை பொருத்துமாறு தைக்கும் அக்காவிடம் கொடுக்கலாம். கொடுக்குமுன் ரேந்தையையும் லைனிங்கையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். பருத்தி சுருங்கும், நைலோன் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் தோய்ப்பிலேயே கை சுருக்கம் விழுந்து நிற்கும். தெறிகளை மாற்றுவது இதைவிட எளிது. சாதாரணக் கறுப்புச் சட்டையில் பழைய வெள்ளி நிறத் தெறி ஏழு தைத்தால் அரை நாளில் வேலை முடியும், காசும் பெரிதாகாது.

பின்னல் உடுப்பு யாழ்ப்பாணத்தில் எதற்கு என்று கேட்பவர்கள், கொழும்புக்குப் போகும் குளிரூட்டிய இரவுப் பேருந்தில் ஒருமுறை பின் இருக்கையில் இருந்து பார்க்கட்டும். மார்கழி, தையில் விடியப்புறமும் ஒன்று தேவைப்படும். கம்பளி வேண்டாம், பருத்தி நூலே போதும். சிலந்திவலைச் சாயல் வருவதற்கு மிக எளிய முறை இது: மூன்று வரி சாதாரணமாகப் பின்னுங்கள், நான்காம் வரியில் ஒவ்வொரு கண்ணுக்கும் நூலை ஊசியில் இரண்டு தடவை சுற்றிப் பின்னுங்கள், ஐந்தாம் வரியில் அந்த மேலதிகச் சுற்றை நழுவவிட்டுக்கொண்டே போங்கள். நழுவிய கண்கள் நீண்டு, ஒளி ஊடுருவும் பட்டையாக நிற்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்து 40 சென்ரிமீற்றர் அகலம், 150 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பின்னினால் நல்ல சால்வை. தொடங்குமுன் பத்துச் சென்ரிமீற்றர்த் துண்டொன்று பின்னி, நனைத்து, கொடியில் தொங்கவிட்டுப் பாருங்கள். பருத்தி தன் பாரத்தாலேயே நீளும், எவ்வளவு நீளும் என்பதை அந்தத் துண்டு காட்டிவிடும். கறுப்பு நூலை இரவு விளக்கில் பின்ன வேண்டாம். பகலில், மடியில் வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டால் கண்கள் தெளிவாகத் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் உறவினர் கறுப்புக் கம்பளி நூல் கொண்டுவந்தால் மறுக்க வேண்டாம், காய்ந்த வேப்பிலையோடு அலுமாரியில் வையுங்கள்; நுவரெலியாப் பயணத்துக்கு உதவும்.

இனித் தோய்ப்பு. என் முதல் கறுப்பு ரேந்தைச் சட்டையைக் கிணற்றடியில் கட்டிச் சவர்க்காரம் போட்டுக் கும்மி, மதிய வெயிலில் காயவிட்டேன். மாலையில் எடுத்தபோது மடிப்புகளெல்லாம் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடு. ரேந்தையின் ஒவ்வொரு பூவிதழிலும் சாம்பல் படிந்திருந்தது. சாயம் போய்விட்டதென்று கடைக்காரரைத் திட்டினேன், தவறு என்னுடையது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்றுநீரில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத வெள்ளைப் படிவாக நூலில் ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளைத் துணியில் அது தெரியாது, கறுப்பில்தான் காட்டிக்கொடுக்கும்.

இதற்குத் தீர்வு, கட்டிச் சவர்க்காரத்தை விட்டுத் திரவ டிற்றேர்ஜன்ற் பாவிப்பது. உட்புறத்தை வெளியே திருப்பி, பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல், முறுக்காமல் கையால் அமுக்கித் தோயுங்கள். கடைசி அலசலுக்கு அரை வாளி தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி விட்டால் ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பும் கரையும். அதன் பின் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். வினாகிரி சாயத்தை நிலைநிறுத்தும் என்று சொல்வார்கள், பருத்திச் சாயத்துக்கு அது எதுவும் செய்வதில்லை, படிவை மட்டுமே எடுக்கும். பிளீச்சோடு அதை ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீலியடியில் வாளி வைத்துப் பிடித்த தண்ணீருக்கு இணையான அலசல் நீர் வேறில்லை. கிணற்றுக்குக் குளோரின் போட்டால் இரண்டு மூன்று நாளைக்குக் கறுப்பையும் எலாஸ்ரிக் உள்ளாடையையும் தள்ளி வையுங்கள், குளோரின் இரண்டையும் தின்னும்.

காயவிடுவது நிழலில், காற்றோட்டத்தில். உள்ளாடையைக் குளியலறைக் கதவுக்குப் பின்னாலோ ஈரத் துவாய்க்குள்ளோ ஒளித்துக் காயவிடும் வழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. காற்றுப் படாத ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், தோலில் கடி வரும். பின் விறாந்தையில் கொடி கட்டினால் வெட்கமும் தீரும், வெயிலில் நிறமும் போகாது. பின்னலைத் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயவிட வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் மட்டும் காய்ந்தவுடன் எடுத்துவிடுங்கள், புழுதி கறுப்பில் உடனே தெரியும்.

நகைக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. கழுத்தை ஒட்டிக் கிடக்கும் சோக்கர் என்று இன்று விற்கப்படுவது, அமைப்பில் அம்மம்மாவின் அட்டியல்தான். கறுப்பு வெல்வெட் றிபனில் பழைய பதக்கமொன்றைக் கோத்துக் கட்டினாலும் அதே தோற்றம். மலிவான கலப்பு உலோகம் வியர்வையில் தோலைப் பச்சையாக்கும், நிக்கல் இருந்தால் அரிக்கும். 925 முத்திரையுள்ள வெள்ளி, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, கறுத்தாலும் இந்தப் பாணிக்கு அது அழகுதான், மினுக்க வேண்டாம். மண்டையோட்டுத் தோடு உங்கள் விருப்பம்; நான் வௌவாலோடு நிறுத்திக்கொண்டேன், எங்கள் மாமரத்தில் இரவில் தொங்குவதுதானே என்று அம்மாவும் விட்டுவிட்டார்.

எல்லாம் செய்தும் இரண்டு வருடத்தில் கறுப்பு வெளிறத்தான் செய்யும். பருத்தி என்றால் மறுபடி சாயம் போடலாம், ஆனால் தைத்த நூல் பொலியெஸ்ரராக இருந்தால் அது புதிய சாயத்தை வாங்காது, வெளிறிய நிறத்திலேயே நிற்கும். அந்த முதற்சட்டை அப்படித்தான் ஆனது: புதுக் கறுப்பில் தையல் மட்டும் மண்ணிறக் கோடாக ஓடுகிறது, அதைத்தான் சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.