ஐட்லிங்கில் நிற்காத பழைய கார்: அந்த ஸ்க்ரூவைத் திருகும் முன்

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆக்ஸிலேட்டரில் கால் இருக்கும்வரை நன்றாகவே ஓடும். காலை எடுத்தால், அதாவது மிதிக்காமல் எஞ்சின் தானாக மெதுவாக ஓட வேண்டிய ஐட்லிங்கில், இரண்டு குலுக்கு குலுக்கி ஆஃப். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம்) உள்ள மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. என்னுடைய 1996 வண்டியும் இதே பாடு படுத்தியது.

எல்லோரும் முதலில் செய்வது, ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் சுற்றும் வேகத்தை, ஏற்றுவது. நானும் செய்தேன். வண்டி ஆஃப் ஆகாமல் நின்றது, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. கோளாறு மட்டும் போகவில்லை.

ஏன் என்றால், கார்புரேட்டரில் பெட்ரோலுக்கு இரண்டு வழி. மிதித்து ஓட்டும்போது மெயின் ஜெட். காலை எடுத்ததும், காற்று போகும் வழியில் உள்ள திராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது ஸ்லோ ஜெட்டின் ஊசித் துவாரம் வழியாக வரும் பெட்ரோலில்தான் எஞ்சின் ஓடியாக வேண்டும். ஸ்க்ரூவை ஏற்றினால் தட்டு கொஞ்சம் திறந்தே நிற்கும், அந்தச் சின்ன வழி அடைத்திருப்பது வெளியே தெரியாமல் போய்விடும். பெட்ரோல் பம்பை மாற்றுவதும் பெரும்பாலும் வீண் செலவுதான். பம்ப் பலவீனமாக இருந்தால் மேடு ஏறும்போதும் வேகத்திலும்தான் முதலில் திணறும்.

அடுத்தது சோக், அதாவது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைத்து பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் இழுப்பான். எஞ்சின் சூடான பிறகும் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஆஃப் ஆகாமல் நிற்கிறதா? அது நல்ல துப்பு. ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருக்கிறது, அல்லது எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஆனால் பலர் துப்பை விட்டுவிட்டு, சோக்கை இழுத்தபடியே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பிளக் கரி பிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலையே நீர்க்கச் செய்துவிடும்.

என் வண்டியில் காற்றுதான் புகுந்தது. இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குள் கலவை போகும் குழாய்) ஏறும் ஒரு ரப்பர் ஓஸ், மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. அடிப்பக்கம், கிளிப்புக்குப் பக்கத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஓஸாகப் பிளையரால் மெதுவாக அழுத்திப் பார்த்தோம். இதை அழுத்தியதும் குலுக்கல் அடங்கியது. ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் உறிஞ்சல் பலமாக இருக்கும் என்பதால் அவ்வளவு சின்ன வெடிப்பே போதும். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ சட்டையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் அதிலுள்ள சோலனாய்டையும் (ஐட்லிங் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) கவனியுங்கள். சாவியை ஆன் செய்ததும் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். அதன் ஒயர் கழன்றிருந்தாலே ஐட்லிங்குக்குப் பெட்ரோல் வராது.

ஜெட்டைத் துடைக்கும்போது ஊசியோ கம்பியோ விடாதீர்கள். துவாரம் ஒரு நூல் பெரிதானாலும் அந்த ஜெட் போச்சு. கிளீனர் தெளித்து, காற்று அடித்தால் போதும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வதோ கூடவே கூடாது. எஞ்சின் திருப்பி அடித்தால் தீ முகத்துக்கு வரும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டி என்றால் கதை வேறு. அங்கே சோக்கும் ஸ்லோ ஜெட்டும் இல்லை. திராட்டில் பாடியில் படிந்த கரியையும் ஐடில் வால்வையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம், மெக்கானிக்கிடம் ‘வண்டி ஆஃப் ஆகுது’ என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, ஏசி போட்டதுமா, சோக் இழுத்தால் ஆஃப் ஆகாமல் நிற்கிறதா என்று நான்கு நாள் கவனித்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஸ்க்ரூவைத் திருகியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.