வீட்டில் கேஸ் டிடெக்டர் பொருத்துவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

சமையல் எரிவாயு கசிந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கேஸ் டிடெக்டரை வாங்கி வந்ததும் பலர் செய்யும் முதல் தவறு, அதைப் புகை அலாரம் போல நினைத்துக் கூரையை ஒட்டி மாட்டிவிடுவதுதான். புகை மேலே எழும், சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேன் எழாது. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கும், அதனுடன் கலந்திருக்கும் பியூட்டேன் ஏறத்தாழ 2 மடங்கும் கனமானவை என்பதால், கசிந்த வாயு தண்ணீர் பரவுவது போலத் தரையோடு பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். கூரையில் மாட்டிய கருவிக்கு அது எட்டும்போது அறையின் கீழ்ப்பகுதி ஏற்கெனவே ஆபத்தான நிலையை அடைந்திருக்கும்.

மூக்கே போதுமே, கருவி எதற்கு என்று கேட்கலாம். புரொப்பேனுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிவு தெரியட்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளைக் கலந்து அந்த நாற்றத்தை வரவழைக்கிறார்கள். சளி பிடித்தவருக்கும் உறக்கத்தில் இருப்பவருக்கும் அது தெரியாமல் போகலாம்; சிறிது நேரம் அதே அறையில் இருந்தால் மூக்கும் பழகிவிடும். ஆகவே மூக்கை நம்புங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள்.

வாங்கும்போது

பெட்டியின் மேல் எந்த வாயுவுக்கான கருவி என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். சிலிண்டரில் வரும் எல்பிஜிக்கும், குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயுவுக்கும் கருவியும் வேறு, மாட்டும் உயரமும் வேறு. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் காற்றைவிட இலேசானது என்பதால் அதற்கான கருவி கூரையருகே இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கருவியை வாங்கினாலும், உங்கள் வீட்டில் எந்த வாயு இருக்கிறதோ அதற்குரிய உயரத்தில்தான் மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் என்பது முற்றிலும் வேறு கருவி. அது கேஸ் கசிவைக் காட்டாது.

அடுத்து, கருவி எந்த அளவில் ஒலிக்கும் என்று பாருங்கள். காற்றில் புரொப்பேன் 2.1 விழுக்காடு முதல் 9.5 விழுக்காடு வரை இருந்தால் தீப்பற்றும். இந்தக் கீழ் எல்லையான 2.1 விழுக்காட்டை முழு அளவாகக் கொண்டு, அதில் 10 அல்லது 20 விழுக்காட்டை எட்டும்போதே ஒலிக்கும்படி வீட்டுக் கருவிகள் அமைக்கப்படுகின்றன. 10 விழுக்காடு என்றால், 10,000 பங்கு காற்றில் வெறும் 21 பங்கு வாயு. இந்த அளவு மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு லிட்டர் திரவப் புரொப்பேன் ஆவியானால் ஏறக்குறைய 270 லிட்டர் வாயுவாகிறது. அது காற்றில் சீராகக் கலந்தால் ஒரு சிறிய சமையலறை முழுவதையும் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றைத் தரையில் செங்குத்தாக நிறுத்திச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். எல்பிஜிக்கான கருவி அந்தக் கோட்டுக்குக் கீழே, தரையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால், தரை துடைக்கும்போது தெறிக்கும் தண்ணீர் கருவிக்குள் போய்விடும்.

சிலிண்டர், அடுப்பு ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமலும் நான்கு மீட்டருக்கு மிகாமலும் இருப்பது நல்லது. கருவியுடன் வரும் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மிக அருகில் மாட்டினால், அடுப்பைப் பற்றவைக்கும்போது வெளிப்படும் சிறிதளவு வாயுவுக்கே அலறும். கதவின் பின்புறம், திரைச்சீலையின் மறைவு, மூடிய அலமாரி, மின்விசிறியின் காற்று நேராக அடிக்கும் இடம், பாத்திரம் கழுவும் தொட்டியின் அருகு ஆகியவை ஆகாதவை. சமையலறையிலிருந்து படியிறங்கிச் செல்லும் தாழ்வான அறையோ நிலவறையோ இருந்தால், வாயு அங்கேதான் போய்த் தேங்கும் என்பதால் அங்கு இரண்டாவது கருவி ஒன்றை வைப்பது வீண்செலவாகாது.

மாட்டுதல்

பிளக்கில் நேராகச் செருகும் கருவியாக இருந்தால் வேலை எளிது. ஆனால் சாக்கெட் மேடைக்கு மேலே இருந்தால், அந்த வசதிக்காக உயரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தாழ்வான இடத்தில் சாக்கெட் அமைக்க மின்பணியாளரை அழையுங்கள். திருகு போட்டு மாட்டும் வகையானால், பின்தகட்டைச் சுவரில் வைத்துத் துளைகளைப் பென்சிலால் குறித்து, அந்த இடத்தில் மின்கம்பியோ கேஸ் குழாயோ செல்லவில்லை என்று உறுதி செய்த பின்னரே துளையிடுங்கள். சிமெண்டுத் தூள் சென்சார் துளைகளில் படியாதபடி, சுவரைத் துடைத்து முடித்த பிறகு கருவியை உறையிலிருந்து எடுங்கள்.

மின்சாரம் கொடுத்ததும் கருவி உடனே வேலைக்கு வந்துவிடாது. உள்ளே இருக்கும் சென்சார் பெரும்பாலும் சூடேறினால்தான் வாயுவை உணரும். அதுவரை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் அது நிலையான பச்சையாக மாறிய பிறகே கருவி காவலுக்கு வந்ததாகக் கொள்ளலாம். இரவில் அணைத்துவிட்டுக் காலையில் போடும் பழக்கம் இதனால்தான் கூடாது.

சோதித்தல்

டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஒலி வருகிறது, எனவே கருவி நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளில் அந்தப் பொத்தான் ஒலிப்பானையும் மின்சுற்றையும் மட்டுமே சோதிக்கிறது. சென்சார் செத்துப்போயிருந்தாலும் ஒலி வரும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சென்சாரைச் சோதிக்கக் கையேடு அனுமதித்தால், அருகில் எந்த நெருப்பும் இல்லாதபோது, சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அதன் வாயுவை ஓரிரு நொடி மட்டும் காட்டலாம். அதிக நேரம் காட்டினால் சென்சாரே கெடக்கூடும்.

தலைமுடி ஸ்பிரே, சாராய ஆவி, பெயிண்ட் ஆவி ஆகியவற்றுக்கும் கருவி ஒலிக்கலாம். சிலிக்கோன் பசையின் ஆவி இன்னும் மோசம்; அது சில வகைச் சென்சார்களை ஓசையின்றி மழுங்கடித்துவிடும். எனவே அருகில் அத்தகைய பசையைப் பூசும் வேலை நடக்கும்போது கருவியைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். எப்படிப் பேணினாலும் சென்சாருக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு அது ஐந்தாண்டு என்ற அளவில் இருக்கும். மாட்டிய தேதியை மார்க்கரால் கருவியின் பக்கவாட்டில் எழுதிவைத்தால் ஐந்தாண்டு கழித்து யோசிக்க வேண்டியிராது.

கருவி ஒலித்தால்

எரியும் அடுப்பையும் எண்ணெய் விளக்கையும் அணையுங்கள். மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; காற்றை வெளியேற்றும் விசிறியைப் போடலாமே என்று கை தானாகப் போகும், அந்தச் சுவிட்சின் பொறியே போதும் தீப்பற்ற. அலறலை நிறுத்தக் கருவியின் பிளக்கைப் பிடுங்குவதும் அதே ஆபத்துதான். எளிதாக எட்டுமானால் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். நாற்றம் கடுமையாக இருந்தால் எதற்கும் நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். தொலைபேசி அழைப்பை வெளியே வந்த பிறகே செய்ய வேண்டும்.

உரியவர்கள் வந்து சோதித்து, வீட்டுக்குள் போகலாம் என்று சொன்ன பிறகு, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். கசிவு இருக்கும் இடத்தில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகும். ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்புகளும் தெரியும். ஒரு வெடிப்பு தென்பட்டாலும் ஒட்டுப் போட முயலாமல் புதிய குழாயை மாற்றிவிடுங்கள்.