வெளிநாட்டு வேலை: கணக்குப் போடும்போது சறுக்கும் இடங்கள்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த மறுநாளே வீட்டு ஓனரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பவர்கள் ஓஎம்ஆர் பக்கம் ஏராளம். டாலரை ரூபாயாக்கி மகிழ்வது, பெட்டியில் எடை கூடுவது எல்லாம் சின்ன விஷயம். அடுத்தடுத்துப் போகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் பள்ளங்கள் வேறு.

இரண்டாவது சம்பளத்தை மறப்பது

எரிச்சல் வருவது இதில்தான். இங்கே கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போவார்கள். ஆஃபர் ஒருவருக்கு வரும். அவருடைய பழைய சம்பளத்தையும் புதுச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பார்கள். மற்றவர் வேலையை விடப்போவது அந்தத் தாளில் ஏறவே ஏறாது.

ஒரு கணக்கு பாருங்கள். சென்னையில் ஒருவருக்குக் கையில் 1.5 லட்சம், இன்னொருவருக்கு 90,000. வாடகை, ஸ்கூல், மளிகை, வேலைக்கார அம்மா சம்பளம் எல்லாம் சேர்த்து 90,000 போனால் மிச்சம் 1.5 லட்சம். சிங்கப்பூர் ஆஃபர் மாதம் 7,000 சிங்கப்பூர் டாலர்; டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் 4.55 லட்சம். கேட்க அமர்க்களமாகத்தான் இருக்கும். வாடகைக்கு 3,000, வரிக்கு 300, சாப்பாடு, எம்ஆர்டி ரயில், கரண்ட், போன் என்று 1,700 வைத்துப் பாருங்கள். மிச்சம் 2,000 டாலர், அதாவது 1.3 லட்சம். ஸ்கூல் ஃபீஸ் இதில் இன்னும் சேரவில்லை.

டிபெண்டன்ட் பாஸில், அதாவது வேலைக்குப் போகிறவரின் துணைக்குத் தரும் அனுமதியில், சிங்கப்பூர் போகிறவர் அங்கே வேலை பார்க்க 2021 மே மாதத்திலிருந்து தனியாக வொர்க் பாஸ் எடுத்தாக வேண்டும். அதற்கு ஒரு கம்பெனி முன்வர வேண்டும், சம்பள வரம்பும் தாண்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு அங்கே சிபிஎஃப் (அந்த ஊர் பிஎஃப்) கிடையாது. இங்கே இருவருக்கும் ஏறிக்கொண்டிருந்த பிஎஃப் இரண்டும் நின்றுபோகும். வரியையும் மாதாமாதம் பிடிப்பதில்லை, மறு வருஷம் பில்லாக வரும். அந்த 300 டாலரை எடுத்து வைக்காதவர் அன்றைக்குத்தான் முழிப்பார்.

நாட்டுக்கு நாடு இது மாறும். ஜெர்மனியில் ப்ளூ கார்டு (பட்டதாரி ஊழியருக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவரின் துணை வேலை பார்க்கலாம். ஆனால் ஜெர்மன் தெரியாமல் பல வேலைகளில் கதவு திறக்காது. அமெரிக்காவில் ஹெச்-1பி ஊழியரின் துணைக்கான ஹெச்-4 விசாவில் போகிறவர், பெரும்பாலும் அந்த ஊழியருக்காகக் கம்பெனி போடும் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதலான பிறகே வேலை அனுமதி கேட்க முடியும். ஆஃபரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்நாட்டு அரசு இணையதளத்தில் இந்த ஒரு விதியைப் படித்துவிடுங்கள். பிறகு இரண்டு தாள் எழுதுங்கள்: ஒன்றில் மற்றவருக்கு வேலை கிடைத்தால், இன்னொன்றில் இரண்டு வருஷம் கிடைக்காவிட்டால். இரண்டாவது தாளிலும் மிச்சம் நின்றால் தாராளமாகக் கிளம்பலாம். சென்னையிலிருந்து நாலு மணி நேர ஃப்ளைட், லிட்டில் இந்தியாவில் கறிவேப்பிலை என்று சிங்கப்பூருக்கு வேறு வசதிகள் உண்டு. அவற்றையும் எழுதுங்கள், ஆனால் பணக் கணக்கில் கலக்காதீர்கள்.

விசாவோடு வரும் மொத்தச் செலவு

பிரிட்டனில் மருத்துவக் கட்டணம் பெரியவருக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்ட், குழந்தைக்கு 776. கணவன், மனைவி, ஒரு குழந்தைக்கு மூன்று வருஷ விசா என்றால் 8,538 பவுண்ட். விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். கம்பெனி தருமா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெச்ஆர் போனில் சொன்னது நிற்காது.

இனிஷியல்

டிகிரி சர்டிபிகேட்டில் 'எஸ்' என்று ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். நம் ஊர் வழக்கம் அங்கே புரியாது. இரண்டு பெயரும் ஒருவரே என்ற அஃபிடவிட்டைக் கிளம்புவதற்கு முன்பே நோட்டரியிடம் முடித்துவிடுங்கள். டிபெண்டன்ட் விசாவுக்குக் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும்.

சிம்

ரோமிங்கை இங்கேயே ஆன் செய்யுங்கள். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு நம்பர் கையை விட்டுப் போகலாம். பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும்.

சேவிங்ஸ் அக்கவுண்ட்

இங்கே இருக்கும் அக்கவுண்ட்டை என்ஆர்ஓ-வாக (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான ரூபாய் அக்கவுண்ட்) மாற்ற வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" கூடாது.

பவர் பத்திரம்

இங்குள்ள வீட்டைக் கவனிக்க நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம் இது. ஃப்ளாட் இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கொடுக்க வேண்டும். வாடகை வாங்க, சொத்து வரி கட்ட மட்டும் ஒரு ஸ்பெஷல் பவர் போதும். விற்கும் அதிகாரத்தை வாங்க ஆள் வந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து அனுப்பும் பவருக்கு இந்தியத் தூதரக அத்தாட்சி வேண்டும், பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியாக வேண்டும்.