ஐ-751 முடிவு வராவிட்டாலும் என்-400 அனுப்பலாம்

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, இரண்டு ஆண்டு நிபந்தனை கிரீன் கார்டு பெற்றவர்கள் பலர், நிபந்தனையை நீக்கும் ஐ-751 விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும் என்று குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். தேவையே இல்லை. துணைவரோடு சேர்ந்து வாழ்ந்துவந்தால், கிரீன் கார்டு கிடைத்து மூன்று ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே என்-400 அனுப்பலாம்.

ஆனால் ஐ-751 முடிவாகாமல் குடியுரிமை தரமாட்டார்கள். பல நேரங்களில் இரண்டையும் ஒரே நேர்காணலில் விசாரித்துவிடுவார்கள். எனவே அழைப்புக் கடிதம் என்-400 பற்றி மட்டுமே பேசினாலும் துணைவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஐ-751 உடன் அனுப்பிய ஆதாரங்கள் இதற்குள் பழசாகியிருக்கும். அதற்குப் பிந்தைய கூட்டு வருமான வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். கல்யாண ஆல்பம் மட்டும் போதாது!

காலாவதியான கார்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அதை 48 மாதம் நீட்டிக்கும் ஐ-751 ரசீதுக் கடிதத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் செல்லும். விமானப் பயணத்தில் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும்.